கொலஸ்ட்ரால் பவுடரும் லைம் நோயும்: பார்மசி கவுண்டர்ல பாத்தது

நான் பார்மசிஸ்டா வேலை பாக்குறது அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல, ஒரு சின்ன ஊர்ல. உண்ணி கடிச்சா கிருமியால வர்ற லைம் நோய்க்கு அந்தப் பேர் வந்ததே இங்க இருக்குற லைம், ஓல்ட் லைம்ங்கிற ஊர்களால தான். 1975 வாக்குல அந்தப் பக்கத்து புள்ளைங்களுக்கு வரிசையா முட்டி வீங்க ஆரம்பிச்சு, அம்மாமாருங்க விடாம கேள்வி கேட்டு, யேல் பல்கலைக்கழகத்துல இருந்து ஆலன் ஸ்டியர் வந்து ஆராய்ஞ்சது எல்லாம் இங்க பழைய ஆளுங்களுக்கு ஊர்க்கதை மாதிரி தெரியும். அதனால மே மாசம் பொறந்தா எங்க ஷெல்ஃப்ல அதுக்குக் குடுக்குற ஆன்டிபயாடிக் மாத்திரை டாக்ஸிசைக்ளின் வேகமா காலியாகும். உண்ணி கடிச்ச இடத்துல வட்டமா செவந்து பரவும், சீக்கிரம் பாத்துட்டா 10 நாள்ல இருந்து 14 நாள் மாத்திரை, பெரும்பாலானவங்க சரியாயிடுவாங்க.

நான் சொல்ல வந்தது சரியாகாதவங்களப் பத்தி. மாத்திரை முடிச்சும் 100 பேர்ல 5ல இருந்து 10 பேருக்கு அசதி, உடம்பு வலி, எதையும் யோசிக்க முடியாம மூளை மந்தமா இருக்குறதுன்னு மாசக்கணக்குல இழுக்கும். இவங்க நடிக்கலங்க, கவுண்டர்ல நின்னு முகத்தைப் பாத்தா தெரியும். ரெண்டு மூணு டாக்டர் "டெஸ்ட் எல்லாம் நார்மல்"னு அனுப்பி வச்ச பிறகு, நாலாவது டாக்டர் ஒருத்தர் எழுதிக் குடுத்த சீட்டோட வருவாங்க. அதுல இருக்கும் கொலெஸ்டிரமின்.

அது பழைய கொலஸ்ட்ரால் மருந்து, இப்போ எல்லாரும் போடுற ஸ்டாட்டின் மாத்திரை வர்றதுக்கு முன்னாடி காலத்து ஆளு. பவுடரா வரும், தண்ணியில கலக்குனா கரையாது, மணல் குடிக்கிற மாதிரி தான் இருக்கும். ரத்தத்துக்குள்ளயே போகாது, குடல்லயே நின்னு பித்த அமிலத்தைப் பிடிச்சு மலத்தோட வெளிய தள்ளிடும், குறைஞ்ச பித்த அமிலத்தை ஈடுகட்ட கல்லீரல் ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ராலை இழுத்துக்கும், அவ்ளோதான் வேலை. 1984ல வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்னுல 3,806 ஆம்பளைங்களுக்கு ஏழு வருஷத்துக்கு மேல பாத்து, இதைச் சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்பும் அதால வர்ற சாவும் 19 சதவீதம் குறைஞ்சதுன்னு காட்டுனாங்க. கொலஸ்ட்ராலைக் குறைச்சா இதயத்துக்கு நல்லதுன்னு நிரூபிச்ச மருந்துங்க இது, லேசுப்பட்டது இல்ல.

லைமுக்கு எப்படி வந்துச்சுன்னா அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1975ல வர்ஜீனியாவுல ஹோப்வெல்ங்கிற ஊர்ல கெப்போன்ங்கிற பூச்சி மருந்து தயாரிச்ச தொழிலாளிங்களுக்கு உடம்பெல்லாம் நடுக்கம் வந்துச்சு. அந்த விஷம் பித்தநீர் வழியா குடலுக்கு வந்து திரும்பவும் உடம்புக்குள்ளயே போயிட்டு இருந்துச்சு, கொலெஸ்டிரமின் குடுத்து அந்தச் சுத்தை உடைச்சப்போ விஷம் வெளியேற ஆகுற காலம் ஏறக்குறைய பாதியாச்சு. 1978ல பேப்பரே வந்துச்சு. அப்புறம் 1997ல மேரிலாந்து போக்கோமோக் ஆத்துல ஃபீஸ்டீரியாங்கிற நுண்ணுயிரி தான் மீனையெல்லாம் கொல்லுதுன்னு சொன்னப்போ, அங்க இருந்த ரிச்சி ஷூமேக்கர்ங்கிற ஃபேமிலி டாக்டர் உடம்பு முடியாதவங்களுக்கு இதே பவுடரைக் குடுத்தார். அங்க இருந்து பூஞ்சை பிடிச்ச வீடு, லைம்னு அவர் இதை விரிச்சுகிட்டே போனார். லைம் கிருமி விட்ட டாக்சின், அதாவது விஷம், உடம்புல சுத்துது, பவுடர் அதைப் பிடிக்கும்ங்கிறது தான் வாதம்.

எனக்கு அந்த வாதம் ஒட்டல. கெப்போன்ல விஷம் என்னன்னு தெரியும், பித்தநீர்ல அளந்து பாத்தாங்க, மலத்துல எவ்ளோ வெளிய வந்துச்சுன்னும் அளந்தாங்க. லைம்ல அந்த மாதிரி பித்தநீர்ல சுத்துற ஒரு டாக்சினை யாரும் எடுத்துக் காட்டல. 2019ல செத்த கிருமியோட செல் சுவர்த் துண்டுங்க மூட்டு நீர்லயே தங்கி இருக்குறதைக் கண்டுபிடிச்சாங்க, அது முக்கியமான விஷயம் தான், ஆனா முட்டிக்குள்ள கிடக்குறதை குடல்ல நிக்குற பவுடர் எப்படி இழுக்கும்? 2006ல அமெரிக்க தொற்றுநோய் டாக்டர்கள் சங்கம் போட்ட லைம் வழிகாட்டியில, குடுக்க வேண்டாம்ங்கிற பட்டியல்ல கொலெஸ்டிரமின் பேரையே போட்டுருக்காங்க. இதெல்லாம் தெரிஞ்சும் நான் சீட்டைத் திருப்பிக் குடுக்குறது இல்ல. ஆஃப்-லேபிளா, அதாவது அனுமதி வாங்காத வேற நோய்க்கு, எழுதுறது சட்டப்படி டாக்டரோட உரிமை, மருந்தும் சரியாக் குடுத்தா பெரிய ஆபத்து இல்ல.

அந்த "சரியாக் குடுத்தா"வுல தான் எல்லாம் இருக்கு. இந்தப் பவுடர் ஆள் பாத்துப் பிடிக்காது. தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கப் போடுற வார்ஃபரின், இதய மருந்து டிஜாக்சின், கொழுப்புல கரையுற விட்டமின்ங்க, எது பக்கத்துல வந்தாலும் பிடிச்சுக்கும். லைமுக்குன்னு குடுக்குற டாக்ஸிசைக்ளினையும் சேத்துப் பிடிக்கும், அதைத் தான் என்னால தாங்கவே முடியாது. மத்த மாத்திரைய ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், இல்லன்னா நாலுல இருந்து ஆறு மணி நேரம் கழிச்சுப் போடணும். இதய டாக்டர்ங்க ரெண்டு வேளை எழுதுவாங்க, இடைவெளி கிடைக்கும். லைமுக்கு வர்ற சீட்டுல நாலு வேளை, வெறும் வயித்துலன்னு இருக்கும். நாலு வேளை பவுடர் போட்டா மத்த மாத்திரைக்கு நாள்ல இடம் எங்க இருக்கு?

தோட்ட வேலை பாக்குற ஒரு அம்மா, அம்பது வயசு தாண்டினவங்க, எங்ககிட்ட ரொம்ப வருஷமா மருந்து வாங்குறவங்க. பவுடர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் இருக்கும், முகம் உப்பிப் போய், குரல் கம்மி, அந்த வெயில்லயும் ஸ்வெட்டர் போட்டுகிட்டு வந்தாங்க. "டாக்சின் வெளிய போறப்போ மொதல்ல இப்படித்தான் படுத்தும்னு சொன்னாங்க, பொறுத்துக்கணுமாம்"னாங்க. அவங்க லிஸ்ட்ல தைராய்டு மாத்திரை இருக்கு. எப்போ போடுறீங்கன்னு கேட்டேன். காலையில பவுடரை ஆப்பிள் சாஸ்ல கலந்து, அதே ஸ்பூனோட மாத்திரையையும் முழுங்கிடுறாங்களாம், மறக்காம இருக்கும்னு. ரெண்டு மாசமா தைராய்டு மருந்து உடம்புல சேரவே இல்லன்னு எனக்கு அங்கயே புரிஞ்சு போச்சு. அவங்க முன்னாடியே அவங்க ஃபேமிலி டாக்டருக்குப் போன் போட்டேன், டிஎஸ்எச்ங்கிற தைராய்டு ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, எக்கச்சக்கமா ஏறி இருந்துச்சு, தைராய்டு குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். லைம்னு நெனச்சு அவங்க அழுத அசதியில பாதி தைராய்டு அசதி. விடியக்காலையில எழுந்ததும் தைராய்டு, அதுக்கு நாலு மணி நேரம் கழிச்சுத் தான் மொத பவுடர்னு அட்டவணை போட்டு, பெரிய எழுத்துல பிரிண்ட் பண்ணி பாட்டில்லயே ஒட்டிக் குடுத்தேன். பவுடரும் நாலு வேளையில இருந்து ரெண்டா குறைஞ்சது.

கொஞ்ச மாசத்துல ஆள் தேறிட்டாங்க. பவுடர் தான் காப்பாத்துச்சுன்னு அவங்க உறுதியா சொல்றாங்க. தைராய்டு டோஸ் சரியானதாலன்னு நான் ரெண்டு தடவை பொறுமையா விளக்குனேன், கேட்டுகிட்டாங்க, ஆனா மாத்திகிட்டதாத் தெரியல. அவங்களுக்கு அந்த டாக்டர் மேல நம்பிக்கை, ஏன்னா "உனக்கு நெஜமாவே உடம்பு முடியல"ன்னு மொதல்ல சொன்ன ஆளு அவர் தான். மத்தவங்க அதைச் சொல்லி இருந்தா இவ்ளோ தூரம் வந்துருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

இப்போ கொலெஸ்டிரமின் சீட்டு வந்தா, எதுக்கு எழுதினதா இருந்தாலும், மத்த மருந்து லிஸ்ட் முழுசும் கையில எடுத்துகிட்டு கவுண்டருக்கு வெளிய வந்து உக்காந்து பேசுறேன். மலச்சிக்கல் கடுமையா வரும்னு சொல்றேன், ட்ரைகிளிசரைட்ங்கிற ரத்தக் கொழுப்பு ஏறும், ரத்தம் எடுத்துப் பாருங்கன்னு சொல்றேன். வரிசையில நிக்குறவங்க முணுமுணுப்பாங்க, பரவால்ல. தபால்ல மருந்து வாங்குறவங்களுக்கு இதை யாரு எதிர்ல உக்காந்து சொல்றாங்களோன்னு தான் கவலை. எழுதுற டாக்டருங்க சீட்டுலயே ஒரு வரி சேத்து எழுதலாம், மத்த மாத்திரை எத்தனை மணிக்குன்னு.