ஊக்கும் கையுறையும்

அம்மாவின் தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். முள் குத்தினாலும் சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அதுதான் முதலுதவி. அந்த ஊக்கைப் பார்த்தாலே ஒருவருக்கு உடம்பெல்லாம் சுகம் பரவுகிறது என்றால் சிரிப்போம், இல்லையா? 1954-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அப்படி ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பளபளக்கும் ஊக்கை உற்றுப் பார்த்தால் தாம்பத்தியத்தைவிட மேலான சுகம் கிடைக்குமாம், கூடவே வலிப்பும் வருமாம். மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில் கொஞ்சம் வெட்டியெடுத்ததும் வலிப்பும் நின்றது, ஊக்கு ஆசையும் போய்விட்டது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு தம்பி. (அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.) சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நிச்சயமாகிவிட்டது, ஆனால் முகத்தில் களை இல்லை. பாலில்லாத தே ஓ ஆறிப்போன பிறகுதான் வாயைத் திறந்தார். ரப்பர் கையுறை. அதைப் பார்த்தால் கிளர்ச்சி, அவ்வளவுதான் விஷயம். கொவிட் காலத்தில் ஊரே கையுறையோடு திரிந்தபோது அவர் மளிகை வாங்கக்கூட வெளியே போகவில்லையாம். "கல்யாணத்துக்கு முன்னாடி இத வேரோட பிடுங்கிடணும் அண்ணே" என்றார். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று கூப்பிடும் ஆட்களிடம் ஏற்கெனவே லேகியத்துக்குப் பணம் கட்டியிருந்தார்.

வேரோடு பிடுங்கத்தான் அந்தக் காலத்தில் பார்த்தார்கள். 1956-ல் பிரிட்டனில் கைப்பையும் குழந்தைத் தள்ளுவண்டியும் கண்டால் வெறி வரும் ஒருவருக்கு வாந்தி ஊசி போட்டு, குமட்டும் நேரத்தில் அந்தப் பொருள்களைக் காட்டினார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகலாக. வைத்தியமா தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை.

ஏன் வருகிறது என்பதற்கும் ஒற்றைப் பதில் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், மூளையில் பாதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் உரிய இடங்கள் அக்கம்பக்கத்தில் இருப்பதால் கால் மோகம் உண்டாகலாம் என்று ஊகித்தார். கையுறைக்கு அந்தக் கணக்கு உதவாது!

தம்பி பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கிக்கொண்டு உளவியலாளரிடம் போனார். அங்கே முதல் நாளே ஆச்சரியம், ஃபெட்டிஷ், அதாவது இப்படி ஒரு பொருள்மேல் வரும் பாலியல் மோகம், இருப்பது மட்டுமே நோய் இல்லை என்றார்களாம். 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடும் இதையேதான் சொல்கிறது, ஆறு மாதமாவது நீடித்து, ஆளை வாட்டினால் அல்லது வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அது கோளாறு. அடுத்தவர் சம்மதம் இல்லாமல் எம்ஆர்டி ரயில் நிலைய நகரும் படிக்கட்டில் கைத்தொலைபேசியைச் சாய்த்துப் படம் எடுக்கிறவன் கதை வேறு, இங்கே 2020 முதல் அதற்கென்றே தனிச் சட்டப்பிரிவு இருக்கிறது.

சிகிச்சை என்றால் பெரும்பாலும் பேச்சும் வீட்டுப்பாடமும்தான். ஆசை எப்போது வருகிறது, அதன் பின்னாலேயே 'நான் அசிங்கமானவன்' என்ற நினைப்பு எப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று குறித்து வைக்கச் சொன்னார்கள். ஆசையோடு மல்லுக்கட்டாமல், அலை மாதிரி எழும்பித் தானாக அடங்குவதைக் கவனிக்கச் சொன்னார்கள். ஆசை போகவில்லை, ஆனால் சந்தைக்குப் போய் மீன் வாங்குகிறார். மீன்காரர் கையில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் கூப்பிட்டார். பெண்ணிடம் சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம், அப்புறம் கேட்டாளாம்: "இதுக்கா மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? நான் வேற பொண்ணு யாரோ இருக்கான்னுல்ல நினைச்சேன்."