குடிலை ஒரே நாளில் வைக்காதீர்கள்

டிசம்பர் வந்தாலே ஞாயிறு பள்ளியில் பாடம் நின்று கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை தொடங்கிவிடும். யார் மரியாள், யாருக்கு இறக்கை என்பதிலேயே வாரங்கள் கரையும். ஒத்திகைக்கு முன் 20 நிமிடத்தைப் பாடத்துக்கென்று பிடித்து வையுங்கள். அதற்குள் செய்ய நல்ல வழி, இயேசு பிறப்பைக் காட்டும் குடிலை வாராவாரம் கொஞ்சமாக வளர்ப்பது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்தின் (அட்வென்ட்) முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். டிசம்பரிலிருந்து எண்ணினால் பல வருடங்களில் ஒரு வாரம் குறைந்துவிடும். அன்றைக்குக் காலி முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி) மட்டும். பாடம் மீகா 5:2. "பாப்பா எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

இரண்டாம் வாரம் மரியாள், யோசேப்பு. முழுப் பாடத்தின் பாரமும் இங்கேதான். "இயேசுவுக்குப் பிறந்தநாள்" என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எதற்குப் பிறந்தார் என்பதற்குப் பதில் மத்தேயு 1:21-இல் இருக்கிறது. மனப்பாட வசனம் அதுவே போதும், வாரத்துக்கு ஒன்று வேண்டாம். சின்னவர்களுக்குப் பாவத்தை விளக்க நரகம் வரை போகாதீர்கள். பொய் சொன்னது, தம்பியை அடித்தது அவர்களுக்கே தெரியும். நம்மால் சரிசெய்ய முடியாததைச் சரிசெய்ய வந்தார் என்றால் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் வாரம் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கு), நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். நான்காவதில் மேய்ப்பர்கள், ஆனால் குடிலுக்கு எட்டத்தில். குழந்தையைக் கிறிஸ்துமஸ் ஆராதனை அன்று வகுப்பில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை வைக்கட்டும்.

உருவங்களைப் பிள்ளைகளே செய்யலாம். மைதா 2 தம்ளர், தூள் உப்பு 1 தம்ளர், தண்ணீர் முக்கால் தம்ளர். கல்லுப்பு கரையாமல் நறநறக்கும். தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மொத்தமாக ஊற்றினால் கையில் அப்பிக்கொள்ளும், அப்புறம் மாவைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெருவிரல் உயரம் போதும். தடியாகச் செய்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து வெடிக்கும். கை காலைத் தனியாக ஒட்டினால் உதிரும். உடம்பைக் கூம்பாகப் பிடித்துக் கோடு கீறுவது மேல். மழைக்காலத்து ஈரத்தை உப்பு இழுத்து உருவம் தொளதொளத்துப் போகும். நன்றாகக் காயவைத்து, வண்ணத்துக்கு மேல் வார்னிஷ் ஒரு கை பூசுங்கள்.

நாடகத்துச் சத்திரக்காரர் லூக்காவில் இல்லை. பெரிய பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வேஷம் போட்டவன் முகம் வாடும், பரவாயில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவோடு சண்டைக்கும் போக வேண்டாம். அந்தத் தாத்தா கதைக்கு மூலமான மீறா ஊரின் ஆயர் நிக்கொலாவைப் பற்றி இரண்டு வரி போதும்.

நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை முதல் வாரமே ஜன்னலோரம் நிறுத்தி, வாரம் ஒரு முழம் நகர்த்துங்கள். அவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று வகை. அவர்கள் வந்ததும் தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு (மத்தேயு 2:11). சபை வழக்கப்படி அவர்கள் வந்து சேரும் நாள் ஜனவரி 6. பாடத்தை அதை ஒட்டிய ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு பாதி வகுப்பு ஊருக்குப் போயிருக்கும். அதுவரை குடிலைக் கலைக்க வேண்டாமென்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.