கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொள்கை வேலைக்கு: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் சிலர், "அண்ணா, இந்த பாலிசி வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். இளைஞர்களுக்கான வேலை, பயிற்சி, உதவித்தொகை இவற்றுக்காகக் கேரள அரசிடம் எடுத்துப் பேசும் வேலையில் இருக்கிறேன். அதனால் கேட்கிறார்கள்.

இதற்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. எம்ஏ எகனாமிக்ஸ், எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி), சட்டம் எதுவானாலும் சரி. எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் ஓர் அட்டவணையைக் கொடுத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். யாரிடம், எந்த விதியைக் காட்டி, என்ன கேட்கப் போகிறோம் என்பது அந்த ஒரு பக்கத்தில் தெரிய வேண்டும். "இளைஞர்களுக்கு வேலை இல்லை, அரசு கவனிக்க வேண்டும்" என்று முடியும் குறிப்பை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை.

முதலில் பிஎல்எஃப்எஸ் எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பைப் படியுங்கள். 2023-24 அறிக்கைப்படி 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடையே கேரளத்தின் வேலையின்மை 29.9 சதவீதம், நாடு முழுவதற்கும் 10.2. கேரளத்துப் பெண்களை மட்டும் எடுத்தால் 47.1. இதைப் பார்த்தவுடன் "பாதிப் பெண்களுக்கு வேலையில்லை" என்று எழுதிவிடுவார்கள், அது தப்பு. வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்துத்தான் இந்த சதவீதம். படித்துக்கொண்டிருக்கும் பெண்ணும், தேடிச் சலித்து வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்ணும் இதில் வரமாட்டார்கள். நேர்முகத்தில் இதைக் கட்டாயம் கிளறுவார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இது வீடு வீடாக எடுக்கும் கணக்கு. எல்லையில் உள்ள வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய் வரும் பையன், கேரளத்தில் வேலையில் இருப்பவனாகவே பதிவாவான். அவனுக்கு வேலை கொடுப்பது எந்த மாநிலம் என்று அந்த எண் சொல்லாது. தாலுகா அளவில் எண்ணும் கிடைக்காது. அதனால் எல்லைப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர் பஞ்சாயத்தில் விசாரித்தும், தகவல் கேட்டு வாங்கியும்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு சட்டத்தை முழுசாகப் படியுங்கள். பத்துத் திட்டங்களின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இது உதவும். என் சிபாரிசு 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். அப்ரண்டிஸ் என்றால் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆலையிலேயே வேலை பழகுகிறவர். 2019-இல் திருத்திய விதிப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்த ஆள் பலத்தில் சேர்த்தி. பாலக்காட்டின் தொழிற்பேட்டைப் பகுதியான கஞ்சிக்கோட்டில் 200 பேர் உள்ள ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர். ஆக, "வேலை கொடுங்கள்" என்பதைவிட, "30 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகள் எத்தனை, அவற்றில் இந்த வருடம் எடுத்த அப்ரண்டிஸ்கள் எத்தனை பேர்" என்று கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கக்கூடிய கேள்விதான் இது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

யாரிடம் கேட்பது? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சாதாரண தனியார் ஆலை என்றால் மாநிலத்தின் தொழிற்பயிற்சித் துறை. மத்திய பொதுத்துறை நிறுவனமோ, நான்கு மாநிலங்களிலோ அதற்கு மேலோ இயங்கும் நிறுவனமோ என்றால் மத்திய அரசின் பொறுப்பு. கஞ்சிக்கோட்டில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2024-இல் பாலக்காடு மாவட்டத்துக்கு அறிவித்த தொழில் நகரத்துக்கு மட்டும் திட்ட மதிப்பு 3,806 கோடி ரூபாய். அங்கே ஆலைகள் வரும்போது அப்ரண்டிஸ் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது நல்ல பயிற்சிக் கேள்வி, எழுதிப் பாருங்கள்.

பட்ஜெட்டில் அமைச்சரின் உரையை விட்டுவிட்டு துறைவாரியாகச் செலவுக் கணக்கு இருக்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தைத் திறங்கள். தொழிலாளர், வேலைவாய்ப்பு, திறன் பயிற்சிக்கான தலைப்பு எண் 2230. ஒரு வரியில் முதலில் இரண்டு வருடம் முந்தைய உண்மைச் செலவு, பிறகு நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கடைசியாக வரும் ஆண்டுக்கான தொகை. எல்லாரும் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நீங்கள் முதல் கட்டத்தைப் பாருங்கள். உண்மையில் எவ்வளவு செலவானது என்று தெரியும். பஞ்சாயத்துகளுக்குப் போகும் பணம் பட்ஜெட்டின் பின்னிணைப்பு நான்கில் தனியாக இருக்கும்.

மொழி விஷயம். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு மலையாளம் பேச்சில் தண்ணீர்பட்ட பாடு. சர்க்கார் உத்தரவை வாசிக்கத்தான் நாக்கு தள்ளும். தினம் ஓர் உத்தரவு வாசித்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே வாக்கியங்கள்தான். மனுவை மட்டும் தமிழிலேயே எழுதலாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்கக் கோரி மனு கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அமைச்சர் அலுவலகத்தில் சீக்கிரம் நகர வேண்டுமானால் மலையாளத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர்த்துவிடுங்கள். உரிமை வேறு, காரியம் நடப்பது வேறு.

பழகிப் பார்க்க ஆகச் சிறந்த இடம் வார்டு கிராமசபை. சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். தெருவிளக்குக்கும் ஓடைக்கும் நடுவே, அப்ரண்டிஸ் பற்றி இரண்டு நிமிடம் பேசித் தீர்மானத்தில் ஒரு வரி ஏற்ற முடிந்தவருக்கு, நேர்முகத்தில் உட்காரப் பயமிருக்காது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் திட்ட அடிப்படையில், வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். வீட்டில், அரசு வேலைக்கான பிஎஸ்சி (கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள், இரண்டுக்கும் படிப்பில் பாதி ஒன்றுதான். விண்ணப்பம் அனுப்பும்போது சான்றிதழ்களுக்கு மேலே, நீங்கள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும், நீங்கள் கேட்டு வாங்கிய தகவல் உரிமைப் பதில் ஒன்றின் நகலையும் வையுங்கள்.