குழாயைத் தலைகீழாக மாட்டினால் என்ன ஆகும்: வீட்டில் விறகு அடுப்பு வைத்த அனுபவம்

மூன்று வாரம் வீடு முழுக்கப் புகை. அறையைச் சூடாக்கக் கண்ணாடிக் கதவு போட்ட வார்ப்பிரும்பு விறகு அடுப்பு வைத்தோம். கதவைத் திறந்தபோதெல்லாம் புகை முகத்தில் அடித்தது. கண்ணாடி ஒரே இரவில் கறுத்தது. ஐந்தாம் நாள் குழாய் மூட்டிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து அடுப்பின் தலையில் சொட்டிப் பொசுங்கியது. அந்தத் தார் நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போக ஒரு மாதம் ஆனது. அடுப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பவே இருந்தோம். ஆனால் அடுப்பில் ஒரு குறையும் இல்லை. குழாய், விறகு, சமையலறைப் புகைவிசிறி இந்த மூன்றும்தான் படுத்தி எடுத்தன. அடுப்புக்குச் செலவிட்ட யோசனையில் பாதியைக் குழாய்க்குச் செலவிட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

வழிந்தது கிரியோசோட். விறகு முழுதாக எரியாதபோது புகையோடு தாரும் நீராவியும் மேலே போகும். குழாய்ச் சுவர் குளிர்ந்திருந்தால் அங்கேயே படிந்து கீழே வழியும். அதனால் குழாய்த் துண்டுகளைச் செருகும்போது நெளிவு போட்டுச் சுருக்கிய முனை எப்போதும் கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வழிவது குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். மாட்ட வந்தவர் எல்லாத் துண்டுகளையும் தலைகீழாகச் செருகியிருந்தார். கேட்டதற்கு, "புகை மேலேதானே போகுது, இப்படிப் போட்டால்தான் மூட்டில் கசியாது" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். காற்றிழுப்பு சரியாக உள்ள குழாயில் உள்ளழுத்தம் அறையைவிடக் குறைவு. மூட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது. எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி மாட்டி, மூட்டுக்கு மூன்று திருகு போட ஒரு நாள் முழுதும் போனது.

அதற்கு முன்பே ஒரு நாள் வீணாகியிருந்தது. அடுப்பின் கழுத்து (புகை வெளியேறும் வாய்) 150 மி.மீ., வந்த குழாய் 125 மி.மீ. கடையில் ஒரு ரெட்யூசரைக் (அளவைக் குறைக்கும் இணைப்புத் துண்டு) கொடுத்துச் சமாளிக்கச் சொன்னார்கள். வாங்காதீர்கள். விட்டத்தில் 25 மி.மீ. குறைந்தால் உள்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. கழுத்தைவிடச் சிறிய குழாய் கூடவே கூடாது. அளவை நீங்களே டேப் வைத்து எடுத்து எழுதிக்கொண்டு போங்கள்.

முதல் அமைப்பில் குழாய் சுவர் வழியாக வெளியேறியது. இரண்டு 90 டிகிரி வளைவு, நடுவில் கிடைமட்டமாக ஒரு மீட்டர். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். கிடைமட்டத்தில் கரி சேரும். வளைத்தே ஆக வேண்டுமென்றால் 45 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். நாங்கள் கடைசியில் கூரை வழியாக நேராகவே ஏற்றிவிட்டோம். அடுப்பின் மேல்பகுதியிலிருந்து குறைந்தது நாலரை மீட்டர் உயரம் வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 90 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் 3 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும், கூரை முகடு உட்பட, 60 செ.மீ. மேலே நிற்க வேண்டும். எங்கள் பழைய குழாய் முகட்டுக்குக் கீழேயே நின்றது. காற்று முகட்டைத் தாண்டிச் சுழன்று இறங்கி, புகையை அப்படியே வீட்டுக்குள் தள்ளியது. உட்கூரையைத் தாண்டுகிற இடத்திலிருந்து மேலே வெப்பக்காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய்தான் போட வேண்டும். அதற்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி, பெரும்பாலும் 5 செ.மீ., வெறுமையாக இருக்கட்டும். பஞ்சு திணித்தால் அங்கே வெப்பம் தேங்கி மரம் மெல்ல மெல்லக் கருகும்.

அடுப்பைச் சரியாக நிறுவியிருக்கிறோமா என்று ஆய்வுக்கு வந்தவர் முதல் முறை பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். அவர் கேட்டது இரண்டே இரண்டு: நிறுவல் கையேடு, அடுப்பின் தகவல் தகடு. கையேடு பெட்டியோடு குப்பைக்குப் போயிருந்தது. தகடோ அடுப்பின் முதுகில், சுவரைப் பார்த்தபடி இருந்தது. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அடுப்பை நகர்த்தித்தான் படம் எடுக்க முடிந்தது. அடுப்பு வந்து இறங்கிய நாளே தகட்டைப் படம் எடுத்துவிடுங்கள். இரண்டாவது முறை டேப்பை எடுத்து, ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரப்பலகைச் சுவருக்கும் நடுவே அளந்தார். 45 செ.மீ. வேண்டிய இடத்தில் 38 இருந்தது. பலகை மேல் ஓடு ஒட்டியிருக்கிறதே என்றோம். அது கணக்கில் வராது என்றார். அவர் சொன்னது சரிதான். ஒட்டிய ஓடு வெப்பத்தைப் பின்னாலுள்ள மரத்துக்குக் கடத்தும். தகரத் தகட்டைச் சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளி, மேலும் கீழும் திறந்துவிட்டு நிறுத்தினால்தான் நடுவே காற்று ஓடிச் சுவர் குளிரும். அதைச் செய்த பிறகே மூன்றாவது முறை கையெழுத்துக் கிடைத்தது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் பார்த்தார். நல்லவேளை, அதை முதல் நாளே வாங்கி மாட்டியிருந்தோம். அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாலை வேளையில் மட்டும் புகை வந்தது. காரணம் சமையலறைப் புகைவிசிறி. இறுக்கமாக மூடிய வீட்டில் விசிறி காற்றை வெளியே தள்ளினால், அதை ஈடுகட்டக் காற்று புகைபோக்கி வழியாகத்தான் இறங்கும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அடுப்பு ஆறியிருக்கும்போது கதவைச் சற்றுத் திறந்து வாயருகே பிடியுங்கள். விசிறியைப் போட்டதும் புகை அறைப்பக்கம் திரும்பினால் அதுதான் சிக்கல். அடுப்புக்கென்று வெளிக்காற்றுத் துளை ஒன்று போட்டதும் தீர்ந்தது. கூடவே ஒரு சின்ன உபாயம்: குளிர்ந்த குழாயில் கனத்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். பற்றவைக்கும் முன் ஒரு தாள் செய்தித்தாளை முறுக்கி, அடுப்பின் மேல்வாயருகே எரித்தால் அந்த அடைப்பு உடையும்.

விறகுக்காரர் இரண்டு வருடம் காய்ந்தது என்று சத்தியம் செய்தார். ஈரமானியைக் கட்டையின் முனையில் குத்தினால் 17 சதவீதம் காட்டியது. அதே கட்டையைப் பிளந்து புதிதாக வெளிப்பட்ட உள்பக்கத்தில் குத்தினோம்: 34. இருபதுக்குக் கீழே இருந்தால்தான் அடுப்பில் போடலாம். முனையில் குத்திப் பார்த்து வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் செலவாகும். காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் அளவே தரும். ஈரவிறகு தன் சூட்டையே தின்று, குழாயைக் குளிரவைத்து, தாரையும் ஊற்றுகிறது. வந்த லோடு முழுவதையும் பத்து செ.மீ. தடிமனுக்குப் பிளந்து தரையிலிருந்து உயர்த்தி அடுக்கினோம். முதலில் தார்ப்பாயால் சுற்றி மூடியதில் பூசணம் பூத்துவிட்டது. மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட வேண்டும். சாயம் பூசியது, மருந்து ஏற்றியது, பிளைவுட் எதையும் எரிக்கக் கூடாது.

விற்பனையாளர் 8 கிலோவாட் அடுப்பை வற்புறுத்தினார். அதில் மட்டும் நாங்கள் ஏமாறவில்லை. நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுங்கள். சுமாரான வெப்பக்காப்பு உள்ள அறைக்கு அதுதான் கிலோவாட் கணக்கு. 5 x 4 x 2.5 அறைக்கு மூன்றரை போதும். பெரிதாக வாங்கினால் அறை வெந்துபோகும். பிறகு காற்றை அடைத்துப் புகையவிடுவீர்கள், மறுபடி தார் வழியும்.

முதல் மூன்று தீ சின்னதாக, ஜன்னல் திறந்துவைத்து; புது அடுப்பின் பெயிண்ட் வாடை போய்விடும்.

பற்றவைப்பதில் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. கீழே இரண்டு பெரிய கட்டை, அதன்மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளி. தீயை உச்சியில் வையுங்கள், காற்றுத் திருகுகள் (காற்றைக் கூட்டிக் குறைப்பவை) முழுதும் திறந்திருக்கட்டும். புகை தீயைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும் என்பதால் அதுவும் எரிந்துவிடுகிறது. ஒற்றைச் சுவர்க் குழாயில் காந்த வெப்பமானி ஒட்டியிருக்கிறோம். 120 முதல் 240 டிகிரி செல்சியஸ் வரை நின்றால் நிம்மதி. கொழுந்து நன்றாகப் பிடித்ததும் கீழ்க்காற்றை மூடி, மேல்காற்றில் ஓட்டுங்கள். விறகுக்கு மேலிருந்து வரும் காற்றே பொருத்தம். கதவைத் திறக்கும் முன் காற்றைக் கூட்டி, மெதுவாகத் திறந்து, தணல் மேல் ஒன்றிரண்டு கட்டை மட்டும் போடுங்கள். விடியவிடியத் தணல் காக்கக் காற்றை அடைக்காதீர்கள். மறுநாள் கண்ணாடியே சொல்லிவிடும். கறுத்திருந்தால், அடுப்பு ஆறிய பிறகு ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் துடைத்தால் போகும்.

சாம்பலை ஒட்ட வழிக்காமல் இரண்டு செ.மீ. விட்டுவைப்பது விறகுக்கு நல்லது. எடுத்ததை மூடி போட்ட உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே, மரத்தரை மேல் இல்லாமல் வையுங்கள். உள்ளே புதைந்த கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கதவு விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றைச் சோதிக்க, ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் கயிறு போயிற்று. பழைய கயிறு நசுங்கியிருக்கும், அதை அளந்து வாங்காதீர்கள். கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள். பசை தடவிப் பதிக்கும்போது இழுத்து நீட்டினால் மெலிந்துவிடும். அந்தத் தவறால் ஒரு கயிறு வீணானது.

குழாயைப் பருவத்துக்கு ஒரு முறையாவது துலக்க வேண்டும். படிவு 3 மி.மீ. ஆகிவிட்டால் உடனே துலக்குங்கள். உச்சித் தொப்பியில் வலை இருந்தால் அதுதான் முதலில் அடைக்கும். அடுப்புக்குள் மேலே கிடக்கும் தடுப்புத் தகட்டையும் கழற்றுங்கள். துலக்கிய கரியெல்லாம் அதன்மேல்தான் விழுந்து வழியை மறிக்கும். கண்ணாடி போல் பளபளக்கும் கிரியோசோட் பிரஷ்ஷுக்கு அசையாது, அதற்குத் தொழில்முறை ஆள்தான் வேண்டும். அது தீப்பிடித்தால் குழாய் இரைச்சலோடு உறுமும். காற்றுத் திருகுகளையும் கதவையும் மூடி, எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புக்குச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முதல் பருவம் துலக்கியபோது வாளியில் விழுந்தது கறுப்புச் செதில், பிசுபிசுப்போடு அரை வாளி. போன வாரம் துலக்கினோம்: இரண்டு கைப்பிடி பழுப்புத் தூள், தொட்டால் விரலில் ஒட்டவில்லை.