தக்காளிக்கு நார்க்கழிவுதானுங்க

மண்ணில்லாம தக்காளி வெக்கறேன்னு சொன்னதுல இருந்து "அப்ப வேரு எதுலீங்க புடிக்கும்?"னு நாலஞ்சு பேரு கேட்டுட்டீங்க. பொள்ளாச்சியச் சுத்தி இத்தன கயிறு மில்லு இருக்கறப்ப, நான் தேங்காய் நார்க்கழிவுதானுங்க சொல்லுவேன்.

ஆனா கழுவாம வெக்காதீங்க. போன வருசம் 5 கிலோ கட்டியத் தண்ணில ஊற வெச்சு அப்படியே பையில நெரப்பிட்டேன். செடி நல்லாத்தான் வந்துச்சு. காய் எலுமிச்ச அளவு ஆனதும் அடியில தண்ணி கோத்த மாதிரி ஒரு வட்டம். நாலு நாள்ல கறுத்து, செருப்புத் தோலாட்ட ஆயிருச்சு. அது சீக்கு இல்லீங்க, கால்சியம் கொறை. நார்க்கழிவுல இயல்பாவே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். நாம குடுக்கற கால்சியத்த அது புடிச்சு வெச்சுக்கிட்டு இதுகள வெளிய விட்டுரும்.

இப்பெல்லாம் வடியற தண்ணில இ.சி. (உப்பு எவ்வளவு இருக்குன்னு மீட்டர்ல பாக்கற அளவு) 0.5க்குக் கீழ வர்ற வரைக்கும் அலசறேன். அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஒரு ராத்திரி ஊறல், காலைல திரும்ப ஒரு அலசு.

பெர்லைட்ட (பொரியாட்ட லேசா இருக்கற வெள்ளக் கல்லு) மட்டும் தனியா நெரப்ப வேண்டாமுங்க, ஈரம் ரொம்ப நேரம் நிக்காது. கரண்ட் போயி மோட்டார் நின்னா நம்ம வெயிலுக்குச் செடி தொவண்டுரும். நார்க்கழிவு 70, பெர்லைட் 30னு கலந்தா ஈரமும் நிக்கும், வேருக்குக் காத்தும் கெடைக்கும். ராக்வுல் (கல்ல உருக்கிப் பஞ்சாட்டப் பண்ணது) நல்ல பொருள்தான், ஆனா மக்காது. அறுப்பு முடிஞ்சு அத எங்க கொண்டுபோய்க் கொட்டறது? நார்க்கழிவுன்னா எங்கம்மா தென்ன மரத்தடிக்கு எடுத்துக்குவாங்க.

வாங்கறப்ப நனைச்சு ஒரு புடி அமுக்கிப் பாருங்க. கையத் தொறந்தா உதிரோணும். சேறாட்ட ஒட்டுச்சுன்னா பொடி ஜாஸ்தி, வேண்டாமுங்க.