டெசிரே: சிவப்புத் தோல், மஞ்சள் சதை

முதல் டெசிரே உருளைக்கிழங்கைத் தோண்டியதும் கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தேன். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. வெட்டினால் சதை வெளிர்மஞ்சள். 1962இல் நெதர்லாந்தில் வெளிவந்த ரகம். கண்கள் ஆழமில்லை, சீவுவது சுலபம்.

பத்து நாள் தண்ணீர் விட மறந்தும் செடி தாக்குப்பிடித்தது. பக்கத்துப் பாத்தி ரகம் சுருண்டுவிட்டது. ஆனால் சொறிநோய்க்கு டெசிரே சட்டென்று பணிந்துவிடும். நான் அவசரப்பட்டுச் சுண்ணாம்பு தூவிய பாத்தியில் பாதிக் கிழங்கு மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று வந்தது. கார மண் என்றால் அந்த நோய்க்குக் கொண்டாட்டம்!

இப்போது சுண்ணாம்பே கிடையாது. கிழங்கு பிடிக்கும் வாரங்களில் மட்டும் மண் காயாமல் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், செடி காய்ந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தோண்டுகிறேன். அதற்குமுன் எடுத்தால் அந்த அழகான தோல் கையோடு உரிந்துவிடுகிறது.