சாரல் விழுந்தால் நெட் போகும்

பங்குனியில் ஃபைபர் நெட் இணைப்பு வாங்கினேன். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியதும் பிடித்தது சனியன்.

தென்காசியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். பலசரக்குக் கடை, அரிசி ஆலை, செங்கல் சூளை என்று இருபத்து மூன்று பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன். மாதத்தில் இரண்டு தேதி எனக்குப் பரீட்சை. 11-க்குள் விற்பனை விவரம் சொல்கிற ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரிக் கணக்கை முடிக்கிற ஜிஎஸ்டிஆர்-3பி. பிந்தினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அந்த ஐம்பது ரூபாய்க்கு அரிசி ஆலைக்காரர் பேசுகிற பேச்சு ஐயாயிரம் பெறும். ஓடிபி வந்து, அதை அடித்து, பொத்தானை அழுத்தப்போகிற நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ஜூலை 11 அன்று மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பதினான்கு தடவை லைன் போனது. போனை ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் மிச்சத்தை முடித்தேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மருமகனைக் கேட்டேன். "மாமா, ஓங்க வீட்டுச் சுவரு ரெண்டடி தடிமன். பெட்டி பட்டாசல்ல இருக்கு, நீங்க உள் ரூம்ல இருக்கிய. வைஃபை எப்படி வரும்?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வைஃபையை உள் ரூம்வரை எட்டவைக்கிற எக்ஸ்டெண்டரை 1,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். சிக்னல் கோடு நான்கும் நிறைந்து நின்றது, நெட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அடுத்து வைஃபை ஓடுகிற அலைத்தடத்தை, அதாவது சேனலை, மாற்றச் சொன்னான். 1, 6, 11 மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில்தான் பதினைந்து மீட்டர் லேன் வயரை இரவல் வாங்கி, பெட்டியிலிருந்து நேரே லேப்டாப்பில் சொருகினேன். அப்போதும் போனது. ஆக வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பைசா செலவில்லாத சோதனையைக் கடைசியில் செய்தவன் கணக்கு எழுதுகிறவன் என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வைஃபையா லைனா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வயர்கூட வேண்டாம். கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை (கமாண்ட் ப்ராம்ப்ட்) இரண்டைத் திறந்து, ஒன்றில் 192.168.1.1-க்கும் இன்னொன்றில் 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் ஓடவிட்டால் போதும். பிங் என்பது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்குகிற கட்டளை. முதலாவது நம் வீட்டுப் பெட்டி (சில பெட்டிகளுக்கு எண் வேறாக இருக்கும், அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் பார்க்கலாம்), இரண்டாவது ஊருக்கு வெளியே. நெட் போகிறபோது இரண்டும் நின்றால் வைஃபை மேல் பழி போடலாம். என் வீட்டில் முதலாவது ஒரு மில்லி செகண்டில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, இரண்டாவது மட்டும் பேச்சற்றுப் போனது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆஃப் பண்ணி முப்பது செகண்ட் கழித்து ஆன் பண்ணச் சொன்னார்கள். இதைச் சொல்வதற்கு ஒரு ஆளை வைத்திருக்கிறார்களா, பதிவுபண்ணி வைத்திருக்கிறார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். மூன்றாவது போனுக்குத்தான் லைன்மேன் தம்பி வந்தான். காலை பதினோரு மணி. வெளியே சன்ஷேடுக்கு அடியில் இருக்கிற குட்டி டப்பாவைத் திறந்து மீட்டரை வைத்தான், உள்ளே பெட்டிக்குப் போகிற முனையிலும் வைத்தான். "அண்ணாச்சி, பவர் அருமையா இருக்கு. மைனஸ் இருபத்தொண்ணு. லைன்ல ஒரு கோளாறும் இல்ல" என்று கிளம்பினான். அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு எஸ்எம்எஸ்: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. அன்று சாயங்காலம் ஏழு தடவை போனது. அதற்கு முன்னால் அடாப்டரையும் சந்தேகப்பட்டு வேறு 12 வோல்ட் அடாப்டர் மாட்டிப் பார்த்திருந்தேன், அதிலும் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் தொழில் புத்தி வந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, போன நேரம், வந்த நேரம், பெட்டியில் சிவப்பு லைட் எரிந்ததா, காற்று, மழை. ஐந்து நாள் எழுதியதும் ஒரு விஷயம் துலங்கியது. பகலில் பெரும்பாலும் போவதில்லை. ஆறு மணிக்கு மேல் ஆரம்பிக்கிறது. காற்று ஓய்கிற நடுச்சாமத்தில் அடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கச் சாரல். அன்று காலையிலிருந்தே போனது. எதிர்வீட்டுக்கும் அதே கம்பத்து டப்பாவிலிருந்துதான் இணைப்பு, அங்கே ஒரு நாளும் போனதில்லை.

காற்றுதான் என்று முடிவு கட்டினேன். கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கி வருகிற கறுப்பு வயர், செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் ஊஞ்சல் ஆடுவதைக் கண்ணால் பார்க்கிறேனே! ஏணி கொண்டுவந்து அதை இழுத்துக் கட்டச் சொல்லிப் புகார் கொடுத்தேன். கட்டினார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

லைன்மேன் சொன்ன மைனஸ் இருபத்தொன்று மனதில் நின்றது. பெட்டியின் அடியில் இருக்கிற யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போனால், ஒளியின் அளவு என்று அந்த எண்ணை அதுவே காட்டுகிறது. டெசிபல் கணக்கு. கடன் பாக்கி மாதிரி, மைனஸ் கூடக் கூட நிலைமை மோசம். மூன்று இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆபீசிலிருந்து ஒரே கண்ணாடி நூலில் வருகிற வெளிச்சத்தை 32 வீட்டுக்குப் பங்கு போட்டால் அந்தப் பங்கிலேயே 17 டெசிபல் போய்விடும். நம் வீட்டுக்கு வருவது சொற்பம், அதில்தான் குடும்பம் நடத்தவேண்டும். இந்தப் பங்கு முறைக்கு ஜிபான் என்று பேர், அந்த வகைப் பெட்டிகள் மைனஸ் 27 வரை படிக்கும் என்பது கணக்கு. அதைத் தாண்டி ஒன்றிரண்டு தாங்கினால் அதன் நல்ல மனசு.

நோட்டில் இன்னொரு கோடு போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை இந்த எண்ணையும் எழுதினேன். மூன்று மணி, மைனஸ் 21.4. நான்கு மணி, 21.4. ஐந்தரை, 21.3. ஐந்தே முக்காலுக்குப் பக்கத்தைப் புதுப்பித்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பட்டாசலில் 'டம் டம்' என்று சத்தம். இன்னொரு தடவை புதுப்பித்தேன். மைனஸ் 28.2. ஏழு இறக்கம். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

எழுந்து ஓடினேன். அம்மா ஜன்னல் கதவை முழங்கையால் இடித்துச் சாத்திக் கொண்டியைப் போட்டுக்கொண்டிருந்தாள். கொசு வருமுன் சாத்திவிட்டு விளக்கேற்றுவது நாற்பது வருஷப் பழக்கம்.

"தெறங்கம்மா."

"கொசு வந்துரும்லா."

"ஒரு நிமிஷம் தெறங்க."

திறந்தாள். 21.4. சாத்தச் சொன்னேன். 28.3. மறுபடியும் திறக்கச் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

வெளி டப்பாவிலிருந்து பெட்டிக்கு வருகிற மெல்லிய வெள்ளை வயரை, இணைப்புக் கொடுக்க வந்த ஆட்கள் ஓட்டை போடச் சோம்பல்பட்டு ஜன்னல் கதவுக்கும் நிலைக்கும் இடையில் விட்டிருந்தார்கள். பங்குனி வெயிலில் மரம் சுருங்கிக் கிடந்தது, கதவைச் சாத்தினாலும் வயருக்கு இடம் இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலெல்லாம் பழைய மரம், சாரல் காலத்தில் ஈரம் குடித்து உப்பிக்கொள்ளும். அப்போது இடித்தால்தான் மூடும். மூடினால் வயர் நசுங்கும். கண்ணாடி நூல் அந்த இடத்தில் மடங்கி வெளிச்சம் வழியோடு கசிந்துபோகும். 28-இல் பெட்டி ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், காற்று கதவை ஒரு தள்ளு தள்ளினால் சிவப்பு லைட். மழை நாளில் பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். லைன்மேன் வந்த நேரமெல்லாம் வெயில், ஜன்னல் திறந்து கிடந்தது. அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து, அடியில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்தோம். ஒரு தடவைகூடப் போகவில்லை. அம்மா தும்மிக்கொண்டே படுத்திருந்தாள்.

மறுநாள் தம்பி வந்தான். நான் சொன்னதை நம்பாமல், சிவப்பு வெளிச்சம் பாய்ச்சுகிற பேனா மாதிரி ஒன்றை எடுத்து வயர் முனையில் சொருகி அமுக்கினான். ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தோம். வெள்ளை வயர் நெடுக ஒன்றுமில்லை, நிலையோரம் நசுங்கிய இடத்தில் மட்டும் உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் சிவப்பாக மினுங்கியது. கதவைத் திறந்த பிறகும் லேசாக ஒரு புள்ளி தெரிந்தது. "நூல் மடிஞ்சு போச்சு அண்ணாச்சி, இந்த வயரு இனி ஆகாது" என்று புது வயர் எடுத்தான். சுவரில் ஓட்டை போட்டான், வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக, தண்ணீர் உள்ளே இறங்காதபடி. ரெண்டடி சுவர், ஓட்டை விழ முக்கால் மணி நேரம் ஆனது. பச்சைத் தலை வைத்த முனையைத் துணியால் துடைத்துச் சொருகியதும் மைனஸ் 20.9.

350 ரூபாய் கேட்டான், இடம் மாற்றிய கூலியாம்.

"ஜன்னல் வழியா விட்டது ஓங்க ஆளுகதானே தம்பி?"

"அது வேற டீம் அண்ணாச்சி."

கொடுத்தேன். இருபதாம் தேதி 3பி எல்லாவற்றையும் ராத்திரி எட்டு மணிக்கு முன்னாலேயே போட்டாயிற்று. சாரல் பிய்த்துக்கொண்டு அடித்தது, ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் குறை தீரவில்லை. கதவு அப்படியேதான் முழங்கையில் இடிக்கிறதாம், ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறதாம்.